சாப்பாட்டை விட்டால் எடை குறையுமா? வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் கம்பெனிகளில் ஷிப்டு பார்ப்பவர்கள், காட்பாடியில் விடியற்காலை ரயில் பிடித்துச் சென்னைக்குப் போய்வருபவர்கள், குடியாத்தத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து பீடி சுற்றுபவர்கள், கல்லூரி விடுதிப் பிள்ளைகள் என்று பலரும் உடம்பைக் குறைக்க நினைத்தால் முதலில் கைவைப்பது ஒரு வேளைச் சாப்பாட்டில்தான். அதைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறோம். கலோரி கணக்கெல்லாம் வீட்டுச் சமையலை வைத்துச் சொன்ன தோராயம். எண்ணெயும் அளவும் மாறினால் கணக்கும் மாறும். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் முதலில் 17-ஆம் கேள்வியைப் படித்துவிடுங்கள்.

1. ஒரு வேளை சாப்பாட்டை விட்டா வெயிட் குறையுமா குறையாதா, நேரா சொல்லுங்க.

அன்றைய மொத்தக் கணக்கு குறைந்தால் குறையும், குறையாவிட்டால் குறையாது. ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. தினமும் 500 கலோரி குறைத்துச் சாப்பிட்டால் வாரத்துக்கு அரைக் கிலோ அளவு இறங்கும்.

காலையில் மூன்று இட்லி, சாம்பார், தேங்காய்ச் சட்னி எல்லாம் சேர்ந்து 300 கலோரி வரும். அதை விட்டவர் பதினோரு மணிக்குச் சர்க்கரை போட்ட ஒரு டீயும் இரண்டு மெதுவடையும் சாப்பிட்டால், விட்ட 300-ம் அங்கேயே திரும்பிவிட்டது. மதியம் பசியில் ஒரு கரண்டி சோறு கூடப் போனால் அது உபரி. "காலையில நான் சாப்பிடறதே இல்ல, ஆனாலும் குறையல" என்று சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. விட்ட இட்லி அவர்கள் நினைவில் நிற்கிறது, நின்றபடி சாப்பிட்ட வடை நிற்பதில்லை. ஒரு வாரம், வாயில் போட்டதை எல்லாம் போட்டவுடன் எழுதிப் பாருங்கள்.

2. நாலு நாள் ராத்திரி சாப்பிடல, ரெண்டு கிலோ குறைஞ்சுது. ஒரு கல்யாணத்துல சாப்பிட்டேன், அப்படியே ஏறிடுச்சு. ஏன்?

இறங்கியதும் ஏறியதும் பெரும்பாலும் தண்ணீர். நாம் சாப்பிடும் மாவுச்சத்தில் ஒரு பங்கு கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்ற சேமிப்பாக இருக்கிறது. கல்லீரலில் 100 கிராம், தசைகளில் 400 கிராம் அளவு. ஒவ்வொரு கிராமோடும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீர் சேர்ந்திருக்கும். சாப்பாடு குறைந்தால் உடல் முதலில் இதைத்தான் எடுத்துச் செலவு செய்யும், கூடவே தண்ணீரும் வெளியேறும். கல்யாணச் சாப்பாட்டின் சோறும் உப்பும் உள்ளே போனதும் சேமிப்பு நிரம்பி, தண்ணீரும் பழையபடி வந்து சேரும்.

நாலு நாளில் இரண்டு கிலோ கொழுப்பு போகவேண்டுமானால் 15,000 கலோரிக்கு மேல் குறைந்திருக்க வேண்டும். இரவுச் சாப்பாட்டை மட்டும் விட்டு அது நடக்காது. ஒரே எடை இயந்திரத்தில், காலைக்கடன் முடித்து, எதுவும் சாப்பிடுமுன் எடை பாருங்கள். நான்கு வாரம் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். பெண்களுக்கு மாதவிலக்கு நெருங்கும்போது ஒன்றிரண்டு கிலோ தண்ணீரால் ஏறி இறங்குவது இயல்பு.

3. சாப்பிடாம இருந்தா உடம்பு பயந்துபோய் கொழுப்பைச் சேர்த்து வெச்சுக்குமாமே? யூடியூப்ல சொல்றாங்க.

ஒரு வேளை விட்டதற்கோ ஒரு நாள் விட்டதற்கோ உடல் அப்படிச் செய்வதில்லை. ஓரிரு நாள் பட்டினியில் ஓய்வுநிலைச் செலவு, அதாவது சும்மா படுத்திருக்கும்போதும் உடல் செலவு செய்யும் கலோரி, குறிப்பிடும்படி குறையாது. உள்ளே போகாத உணவு கொழுப்பாகச் சேரவும் வழியில்லை.

மாதக்கணக்கில் அரை வயிறாக இருந்தால் கதை வேறு. 1944-45-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 ஆண்கள் தாங்களாக முன்வந்து 24 வாரம் பாதி உணவில் இருந்தார்கள். உடல் எடையில் ஏறக்குறைய கால் பங்கு போயிற்று. உடலின் ஓய்வுநிலைச் செலவும் வெகுவாகக் குறைந்தது. குளிர் தாங்கவில்லை, சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பு ஓடவில்லை, எரிச்சலும் சோர்வும் பிடித்துக்கொண்டன.

நம் ஊரில் பார்ப்பது இதன் சிறிய வடிவம். சாப்பாடு குறைந்தவர் தன்னை அறியாமலேயே நடமாட்டத்தைக் குறைத்துக்கொள்கிறார். மாடிக்குப் போகாமல் பிள்ளையை அனுப்புகிறார், உட்கார்ந்த இடத்திலேயே காய் நறுக்குகிறார். இதில் ஒரு நாளைக்கு நூறு இருநூறு கலோரி செலவு குறைந்துவிடலாம். கூடவே தசையும் கரையும். உடற்பயிற்சியும் போதிய புரதமும் இல்லாமல் இறங்கும் எடையில் ஏறக்குறைய கால் பங்கு தசை போன்ற கொழுப்பல்லாத பகுதியாக இருக்கும். எடை மறுபடி ஏறும்போது அது அதே அளவுக்குத் திரும்புவதில்லை.

4. காலை நாஷ்டா கட்டாயம் சாப்பிடணுமா? அதுதான் முக்கியம்னு சின்ன வயசுல இருந்து சொல்றாங்க.

எடை குறைய நாஷ்டா கட்டாயம் இல்லை. 2019-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த தொகுப்பாய்வில், காலை உணவு சாப்பிட்டவர்கள் நாளுக்குச் சுமார் 260 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், எடையும் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகக் கூடுதலாக இருந்தது. எனவே காலையில் பசியே இல்லாதவர் எடைக்காக வலுக்கட்டாயமாகப் பூரி தின்ன வேண்டாம்.

ஆனால் உடல் உழைப்பு வேலைக்குப் போகிறவர், பள்ளிப் பிள்ளைகள், கர்ப்பிணிகள், சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் விடக்கூடாது. சர்க்கரை நோய் உள்ளவர் காலை உணவை விட்டால் மதியச் சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை வழக்கத்தைவிட மேலே ஏறும்.

5. அஞ்சரைக்கே கம்பெனி பஸ் வந்துடும். அந்த நேரத்துல எதுவும் உள்ளே இறங்கல. பத்தரை டீ பிரேக் வரைக்கும் வெறும் வயிறுதான். என்ன பண்றது?

அஞ்சரைக்குச் சாப்பிட வேண்டாம், எடுத்துப் போங்கள். இதற்குக் கூழைவிடப் பொருத்தமானது இல்லை. ஆடி மாதத்தில் மட்டும் ஏன் கூழ்? 50 கிராம் கேழ்வரகு மாவை முந்தின நாள் இரவு தண்ணீரில் கரைத்துப் புளிக்க விடுங்கள். மறுநாள் மாலை ஒரு சிறு கைப்பிடி நொய்யைக் குழைய வேகவைத்து, புளித்த மாவை ஊற்றி, சிறு தீயில் கட்டி விழாமல் கிளறுங்கள். ஈரக் கையில் ஒட்டாத பதம் வந்ததும் இறக்கி, ஆறியதும் உருட்டித் தண்ணீரில் போடுங்கள். காலையில் ஒரு டம்ளர் மோர், உப்பு, நறுக்கிய சின்ன வெங்காயம் சேர்த்துக் கரைத்தால் போதும், பஸ்ஸிலோ ஏழு மணிக்கோ குடிக்கலாம். மொத்தம் 300 கலோரிக்குள்.

கூழில் புரதம் 7 கிராம்தான் வரும். அதனால் ஒரு அவித்த முட்டையோ ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலையோ கூட வேண்டும். இல்லாவிட்டால் ஒன்பது மணிக்கே வயிறு கேட்கும். கோடையில் பாட்டிலை முழுக்க நிரப்பாதீர்கள், புளிப்பு ஏறி மூடி தெறிக்கும்.

6. மதியம் டப்பாவைத் திறக்கிறதே இல்ல. ஆனா சாயங்காலம் ஆனா கை நிக்க மாட்டேங்குது. மனசுல உறுதி இல்லையா?

மனசைக் குறை சொல்லாதீர்கள். காலை எட்டு மணிக்குச் சாப்பிட்டவர் மதியத்தை விட்டால் மாலை ஆறு மணிக்குப் பத்து மணி நேர இடைவெளி. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற சுரப்பு அதற்குள் மேலே நிற்கும். அந்த நேரத்தில் கண்ணில் படுவது பஜ்ஜி, சமோசா, பரோட்டா. வயிறு நிறைந்த செய்தி மூளைக்கு முழுதாக எட்ட இருபது நிமிடம் ஆகும். பசித்தவர் பத்து நிமிடத்தில் மூன்று பரோட்டாவை முடித்துவிடுவார், அது சால்னா இல்லாமலே 700 கலோரி.

டப்பாவைத் திறங்கள், பாதிச் சோறு சாப்பிடுங்கள், காய் முழுதும் சாப்பிடுங்கள். நாலு மணிக்கு 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்து அவித்த சுண்டல். தாளிப்புச் சேர்த்து 200 கலோரி, 10 கிராம் புரதம். வீட்டுக்குள் நுழையும்போது வெறி இருக்காது.

7. அப்ப ராத்திரி மட்டும் விடலாமா? இல்ல ரெண்டு சப்பாத்தியோட நிறுத்திக்கலாமா?

ஒரு வேளையைச் சுருக்கித்தான் ஆகவேண்டும் என்றால் இரவைச் சுருக்குவதே எங்கள் முதல் யோசனை. அடியோடு விட வேண்டாம். நடு இரவில் பசித்து எழுந்து பிரிட்ஜைத் திறப்பவர்கள் ஏராளம். தூக்கம் கெட்டால் மறுநாள் பசியும் கூடும்.

சப்பாத்தி என்பதற்காக எடை குறையாது. எண்ணெய் விட்டுச் சுட்ட இரண்டு சப்பாத்தியும் தேங்காய் அரைத்த குருமாவும் 400 கலோரி. ஒரு கப் சோறு, ரசம், கீரைப் பொரியல் 300-க்குள் அடங்கும். ஆரணி அரிசியைக் கைவிட வேண்டிய அவசியம் இல்லை, கப்பால் அளந்து போடுங்கள். எட்டு மணிக்குள் முடிப்பது நல்லது.

8. டீ மட்டும்தான் குடிக்கிறேன், அதுல என்ன இருக்கு?

பாலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் போட்ட ஒரு டீ 80 முதல் 90 கலோரி. நாளுக்கு ஐந்து குடித்தால் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு மேல், அதில் புரதம் சொற்பம். சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் கீரை, பருப்பில் உள்ள இரும்புச்சத்து சேர்வதையும் டீ தடுக்கும். ஒரு மணி நேர இடைவெளி விடுங்கள்.

9. ஞாயித்துக்கிழமை பிரியாணி. அதுக்காக சனிக்கிழமை ராத்திரியும் ஞாயிறு காலையும் பட்டினி இருந்தா கணக்கு சரியாயிடும் இல்லையா?

தாளில் சரியாகும், தட்டில் ஆகாது. ஆம்பூர் முறையில் சீரகச் சம்பா மட்டன் பிரியாணி ஒரு பிளேட், எண்ணெயைப் பொறுத்து 600 முதல் 900 கலோரி. இரண்டு வேளை பட்டினி கிடந்து உட்கார்ந்தவர் ஒரு பிளேட்டோடு எழுந்திருப்பதில்லை. அடுத்தது வரும், சிக்கன் 65 வரும், ஐஸ்கிரீம் வரும்.

ஞாயிறு காலையில் இரண்டு இட்லியோ ஒரு முட்டையோ சாப்பிட்டுவிட்டுப் போங்கள். முதலில் தயிர்ப் பச்சடி, பிறகு கறித் துண்டுகள், அப்புறம் சோறு. கத்திரிக்காய்த் தொக்கில் எண்ணெய் மிதந்தால் வடித்துவிட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். இரவு பசி இருக்காது, மோரோடு நிறுத்தலாம். வாரத்தில் ஒரு பிரியாணியால் யாரும் பருப்பதில்லை. மற்ற ஆறு நாளின் எண்ணெய்தான் கவனிக்கவேண்டியது.

10. எந்த வேளையும் விடாம எப்படித்தான் குறைக்கிறது? அளவோட சொல்லுங்க.

உட்கார்ந்து வேலை செய்யும் 55 கிலோ பெண்ணுக்கு நாளுக்கு 1,660 கலோரி, 65 கிலோ ஆணுக்கு 2,110 கலோரி என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 கணக்கு. இதிலிருந்து 400, 500 குறைத்தால் போதும். பெண்கள் மருத்துவர் சொல்லாமல் 1,200-க்குக் கீழே போகவேண்டாம்.

முதலில் எண்ணெய். ஒரு ஸ்பூன், அதாவது 5 மில்லி, 45 கலோரி. நாலு பேர் வீட்டில் மாதம் நாலு லிட்டர் செலவானால் ஆளுக்கு நாளுக்கு 33 மில்லி, கிட்டத்தட்ட 300 கலோரி. அதை இரண்டரை லிட்டராக்கினால் யாரும் ஒரு வேளையும் விடாமலே ஆளுக்கு நூறு கலோரிக்கு மேல் குறையும். மாத ஆரம்பத்திலேயே இரண்டரை லிட்டரைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

அடுத்து மதியச் சோறு. மூன்று கப் சாப்பிடுபவர் ஒன்றரைக் கப்பாக்கினால் 300 கலோரி குறையும். அந்த இடத்தை இரண்டு கப் காய் நிரப்பவேண்டும். இலவம்பாடி முள் கத்திரிக்காய், அவரை, சுரை, கீரை எது மலிவோ அது. கூடவே ஒரு கப் கெட்டிப் பருப்போ, முட்டையோ, மீனோ. எடை குறைக்கும்போது கிலோவுக்கு ஒரு கிராம் புரதமாவது வேண்டும். 60 கிலோ உள்ளவருக்கு 60 கிராம். இரண்டு முட்டை 12, சுண்டல் 10, பருப்பு 7, கால் லிட்டர் தயிர் 8, மீதி சோற்றிலும் இட்லியிலும் வந்துவிடும். ஒரு வேளையை விட்டால் இந்தக் கணக்குதான் முதலில் உதைக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரத அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளவும்.

11. சாப்பிடாம இருந்தா அல்சர் வந்துடும்னு எங்க அம்மா திட்டறாங்க. உண்மையா?

வயிற்றுப் புண்ணுக்கு முக்கியக் காரணங்கள் இரண்டு: எச். பைலோரி என்ற கிருமியும், வலி மாத்திரைகளை அடிக்கடி போடுவதும். பட்டினியால் மட்டும் புண் வருவதில்லை. ஆனால் ஏற்கெனவே புண்ணோ நெஞ்செரிச்சலோ இருந்தால் வெறும் வயிறும் அதன்மேல் ஊற்றும் டீயும் எரிச்சலைக் கூட்டும். பட்டினித் தலைவலிக்கு வெறும் வயிற்றில் டைக்ளோஃபினாக் போடுவது நேரடியாகப் புண்ணை வரவழைக்கும் வேலை. மலம் தார் போலக் கறுத்தாலோ வாந்தியில் ரத்தம் தெரிந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

அம்மாக்கள் அதிகம் பேசாத ஒன்று பித்தப்பைக் கல். நீண்ட நேரம் சாப்பிடாவிட்டால் பித்தப்பை சுருங்கிக் காலியாகாமல் பித்தநீர் தேங்கும். வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் வேகமாக இறங்குபவர்களுக்குக் கல் உருவாகும் வாய்ப்பு அதிகம். வலது விலாவுக்குக் கீழே, சாப்பிட்டபின் பிடிக்கும் வலிதான் அடையாளம்.

12. காலையில விட்டா பதினோரு மணிக்குத் தலைவலி, எழுந்தா கண்ணு இருட்டுது. சுகர் இறங்கிடுச்சா?

மாத்திரை எடுக்காத, நலமாக உள்ளவருக்கு ஒரு வேளை விட்டதால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்காது, கல்லீரல் பார்த்துக்கொள்ளும். பெரும்பாலும் தண்ணீரும் உப்பும் குறைந்திருக்கும். நமக்குக் கிடைக்கும் தண்ணீரில் ஐந்தில் ஒரு பங்கும், உப்பில் பெரும்பகுதியும் சாப்பாட்டில்தான் வருகிறது. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயிலில், வியர்வையும் சேர்ந்து, சாம்பாரும் மோரும் உள்ளே போகவில்லை என்றால் எழுந்ததும் ரத்த அழுத்தம் சரியும். உப்புப் போட்ட மோர் இரண்டு டம்ளர் குடித்து, உட்கார்ந்து, மெதுவாக எழுந்திருங்கள். ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர், முக்கியமாகச் சிறுநீர் பிரியவைக்கும் மாத்திரை எடுப்பவர், உப்பைத் தானாகக் கூட்டாமல் மருத்துவரிடம் சொல்லவேண்டும். வழக்கமான காலை டீயும் சேர்ந்து நின்றிருந்தால், அதிலுள்ள காபின் கிடைக்காததும் அந்தத் தலைவலிக்குக் காரணமாக இருக்கலாம்.

13. மூணு மாசம் டயட் இருந்தேன், இப்ப சீப்புல கொத்துக் கொத்தா முடி வருது.

திடீரென உணவு குறைந்தால் முடிவேர்கள் பல ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போகும். உதிர்வது இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும். அதனால்தான் ஷாம்பூவின் மேல் சந்தேகம் வருகிறது. 10-இல் சொன்ன புரத அளவுக்குத் திரும்பினால் ஆறு மாதத்தில் பெரும்பாலும் சரியாகும். ஹீமோகுளோபினும் தைராய்டும் ஒருமுறை பாருங்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை. ஏற்கெனவே குறைவாக இருப்பதன் மேல்தான் பட்டினியும் வந்து சேர்கிறது.

14. பதினாறு மணி நேரம் விட்டு எட்டு மணி நேரத்துக்குள்ள சாப்பிடறது நல்லதா?

சிலருக்கு ஒத்துவரும். இரவு எட்டு மணிக்குப் பின் நொறுக்குபவருக்கு அந்த நொறுக்கு நிற்கும், எடை குறையும். கடிகாரத்தில் தனியாக மந்திரம் எதுவும் இல்லை. சீனாவின் குவாங்சோவில் 139 பேரை ஒரு வருடம் பார்த்தார்கள். ஒரே கலோரிக் கட்டுப்பாட்டில் ஒரு பிரிவு காலை 8 முதல் மாலை 4 வரை மட்டும் சாப்பிட்டது, மற்றது எப்போது வேண்டுமானாலும் சாப்பிட்டது. குறைந்தது 8 கிலோவும் 6.3 கிலோவும். அந்த வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடிய அளவுதான் என்று 2022-இல் முடிவு வெளியானது.

செய்ய விரும்பினால் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து, ஆறு வரை என்று வையுங்கள். மதியம் ஒன்று முதல் இரவு ஒன்பது வரை என்று வைப்பவர்கள் 6-இல் சொன்ன சிக்கலில் மாட்டுகிறார்கள். எட்டு மணி நேரத்துக்குள் புரதக் கணக்கு தேறவேண்டும். 17 முதல் 20 வரையிலான கேள்விகளில் வருபவர்களுக்கு இது வேண்டாம்.

15. கிருத்திகை, அமாவாசை, புரட்டாசி சனின்னு மாசத்துல நாலஞ்சு நாள் ஒருபொழுதுதான். ஆனாலும் குறையலையே?

விரதம் எடைக்காக இருப்பதல்ல, அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். எடை ஏன் குறையவில்லை என்றால், சோற்றை விட்ட இடத்தில் பலகாரம் வருகிறது. இரண்டு தோசை, உளுந்து வடை, சர்க்கரைப் பொங்கல், வாழைப்பழம், இரண்டு முறை பால் என்றால் விரத நாள்தான் கனமான நாள். இட்லி, பாசிப்பயறுச் சுண்டல், ஜவ்வாதுமலைச் சாமையில் உப்புமா, மோர் என்று மாற்றிப் பாருங்கள்.

பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போய் 14 கிலோமீட்டர் கிரிவலம் வருவது 60 கிலோ எடையுள்ளவருக்கு 600 கலோரிக்கு மேல் செலவு. வெறும் வயிற்றில் போகாதீர்கள். இரண்டு இட்லியும் தண்ணீரும் முதலில்.

16. ரமலான் மாசம் முழுக்க நோன்பு வெக்கிறோம். முடியும்போது எடை ஏறித்தான் இருக்கு.

ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் என்று எல்லா ஊரிலும் வரும் கேள்வி. நோன்பில் சராசரியாக ஒன்றிரண்டு கிலோ குறையும், பெருநாளுக்குப் பின் சில வாரங்களில் திரும்பும். ஏறுகிறது என்றால் நோன்பு திறக்கும்போது வரும் சமோசா, வடை, சர்பத்தைப் பாருங்கள். பேரீச்சம்பழம் இரண்டு, தண்ணீர், ஒரு கிண்ணம் நோன்புக்கஞ்சி போதும். அரிசி, பாசிப்பருப்பு, கறி எல்லாம் சேர்ந்த நல்ல உணவு அது. தொழுதுவிட்டு வந்து சாப்பிட்டால் அளவு தானாகக் குறையும். விடியுமுன் சாப்பிடும் சஹரை விடாதீர்கள். முட்டை, தயிர், பருப்பு அதில் இருக்கட்டும்.

சர்க்கரை உள்ளவர்கள் ரமலானுக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே மருத்துவரைப் பார்த்து மாத்திரை நேரத்தையும் அளவையும் மாற்றிக்கொள்ளவேண்டும். விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதே மார்க்க அறிஞர்கள் பலரும் சொல்வது. 70-க்குக் கீழோ 300-க்கு மேலோ போனால் நோன்பை விட்டுவிட வேண்டும்.

17. எனக்கு சுகர். சாப்பாட்டை விடறேன், மாத்திரையை மட்டும் சரியாப் போடறேன். சரிதானே?

இது ஆபத்து. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்லசைடு ஆகிய மாத்திரைகளும் இன்சுலினும், நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சர்க்கரையை இறக்கும். மாத்திரை அட்டையின் பின்புறம் இந்தப் பெயர் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். பல கூட்டு மாத்திரைகளில் மெட்பார்மினோடு கிளிமிபிரைடு சேர்ந்திருக்கும். மெட்பார்மின் மட்டும் என்றால் தாழ்சர்க்கரை வருவது அபூர்வம், வெறும் வயிற்றில் குமட்டும். டாபாகிளிஃப்லோசின், எம்பாகிளிஃப்லோசின் எடுப்பவர்கள் நீண்ட பட்டினி இருந்தால் ரத்தத்தில் அமிலம் ஏறலாம். சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலே வாந்தி, வயிற்றுவலி, மூச்சுவாங்கல் வரும். உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, பேச்சுக் குழறல் வந்தால் கருவியில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தாலோ, பார்க்கக் கருவி இல்லாவிட்டாலோ, மூன்று டீஸ்பூன் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவும். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்கவும், ஏறாவிட்டால் இன்னொருமுறை. ஏறியதும் இட்லியோ சோறோ சாப்பிடவேண்டும். சாக்லேட் வேண்டாம், அதன் கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். உங்கள் மாத்திரையில் வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் இருந்தால் வீட்டுச் சர்க்கரை வேகமாக வேலை செய்யாது, குளுக்கோஸ் பவுடர்தான் வேண்டும். ஒரு பாக்கெட் வண்டியிலும் பையிலும் எப்போதும் இருக்கட்டும்.

மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள். கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடால் வந்த தாழ்சர்க்கரை, சரியானபின்னும் சில மணி நேரத்தில் திரும்ப வரலாம், அதனால் தெளிந்துவிட்டார் என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டாம். எடை குறைப்பது சர்க்கரைக்கு மிக நல்லது. ஆனால் சாப்பாட்டைக் குறைக்கும் அன்றே மாத்திரையையும் குறைக்கவேண்டி வரலாம். அதை மருத்துவர்தான் சொல்லவேண்டும்.

18. தைராய்டு, பிசிஓடி ரெண்டும் இருக்கு. பட்டினி இருந்தாத்தான் குறையும்னு சொல்றாங்க.

தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பிடவேண்டும். அந்த வெறும் வயிறு மாத்திரைக்காக மட்டும். மதியம் வரை நீட்ட வேண்டாம். பிசிஓடி என்ற சினைப்பைக் கோளாறில் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே மாதவிலக்கு ஒழுங்குக்கு வர உதவும். கடுமையான பட்டினி அதே மாதவிலக்கை நிறுத்தவும் செய்யும். 10-இல் சொன்ன முறையே இதற்கும்.

19. குழந்தைக்கு அஞ்சு மாசம், தாய்ப்பால்தான். பிரசவத்துக்கு அப்புறம் ஏறின உடம்பு, ராத்திரி சாப்பாட்டை விடட்டா?

விடாதீர்கள். முதல் ஆறு மாதம் பால் கொடுக்கும் தாய்க்கு வழக்கத்தைவிட 600 கலோரி கூடுதல் தேவை. பத்தியம் என்ற பெயரில் காயும் பருப்பும் நிறுத்திவிட்டு நெய்யும் மைதா ரொட்டியும் கொடுப்பதுதான் பல வீடுகளில் எடைக்குக் காரணம். பால் கொடுக்கும் காலத்தில் மாதம் ஒன்றரை, இரண்டு கிலோ இறங்கினால் போதும். கர்ப்பமாக இருப்பவர்கள் எடை குறைக்கவே முயலக்கூடாது.

20. பொண்ணுக்குப் பதினேழு வயசு, ஹாஸ்டல்ல இருக்கா. சாப்டேன் சாப்டேன்னு சொல்றா, ஆனா ரொம்ப இளைச்சிட்டா. டயட்தானேன்னு விட்டுடலாமா?

விட்டுவிட வேண்டாம். எல்லோரோடும் சேர்ந்து சாப்பிடுவதைத் தவிர்ப்பது, சாப்பிட்டதும் பாத்ரூமுக்குள் போய் நேரமாவது, ஒல்லியாக இருந்தும் குண்டு என்று அழுவது, ஒரே நாளில் பலமுறை எடை பார்ப்பது, எப்போதும் குளிர்கிறது என்பது, மாதவிலக்கு மூன்று மாதம் நிற்பது. இவற்றில் இரண்டு மூன்று இருந்தால் அது உணவுக் கோளாறாக இருக்கலாம். மனநல மருத்துவரும் பொது மருத்துவரும் சேர்ந்து பார்க்கவேண்டிய நோய் அது. மயக்கம், நெஞ்சுப் படபடப்பு இருந்தால் காத்திருக்கக் கூடாது.

திட்டுவதும், "இப்பதான் அழகா இருக்கே" என்று சொந்தக்காரர்கள் பாராட்டுவதும் இரண்டுமே கெடுதல். எடையைப் பற்றிப் பேசாமல் தூக்கம், படிப்பு, சோர்வு பற்றிக் கேட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். வார இறுதியில் வீட்டுக்கு அழைத்து, கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள். தட்டை உற்றுப் பார்க்காதீர்கள்.

21. நீங்க சொன்ன மாதிரிதான் செஞ்சேன், ஆறு கிலோ குறைஞ்சு நின்னுடுச்சு. ரெண்டு மாசமா அசையல. இப்பவாவது ஒரு வேளையை விடட்டா?

முதலில் இடுப்பை அளந்து பாருங்கள். தொப்புள் மட்டத்தில், மூச்சை வெளியே விட்டபின். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்பது நமக்கான எல்லை. எடை நின்றும் இடுப்பு குறைந்துகொண்டிருந்தால் எதையும் மாற்றவேண்டாம்.

இரண்டும் நின்றிருந்தால் காரணம் இரண்டில் ஒன்று. ஆறு கிலோ குறைந்த உடலுக்குத் தேவையும் குறைந்துவிட்டது, பழைய அளவு இப்போது சரிக்குச் சரி. அல்லது எண்ணெய், நொறுக்கு, சோற்றுக் கப் மெல்லப் பழைய இடத்துக்குப் போயிருக்கும். 1-இல் சொன்னபடி மறுபடி ஒரு வாரம் எழுதுங்கள். அளவு மாறவில்லை என்றால் மதியச் சோற்றில் கால் கப் குறைத்து, தினமும் முப்பது நிமிடம் வேக நடை சேருங்கள். வாரத்தில் இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுங்கள்: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது பத்து முறை வீதம் மூன்று சுற்று, சுவரில் கைவைத்துத் தள்ளுவது மூன்று சுற்று, தண்ணீர்க் குடத்தை இரு பக்கமும் மாற்றி மாற்றித் தூக்கி நடப்பது. இதற்குப் பிறகும் ஆறு வாரத்தில் அசையாவிட்டால் தைராய்டையும், எடுத்துக்கொண்டிருக்கும் மருந்துகளையும் மருத்துவரிடம் காட்டுங்கள். ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள், இன்சுலின் ஆகியவை எடையைப் பிடித்து நிறுத்தும்.